பழகிய கையும் புதிய சொற்செயலியும்

நடந்து பழகியவனுக்கு இருளிலும் வீட்டுப் படி தெரியும். விளக்கேற்றித் தேடுபவன் புதிதாக வந்தவனே. தட்டச்சுச் செய்யும் கையும் அத்தகையது. எந்த விசையில் எந்த எழுத்து உள்ளது என்று கேட்டால் வாய் சொல்லத் தடுமாறும்; விரலோ தடுமாறாது சென்று அவ்விடத்தைத் தொடும். இதனை யான் நூலிற் படித்து அறிந்தவனல்லேன். இம் மலருக்குக் கட்டுரை திரட்டும் பணியிலே கண்ணாரக் கண்டேன்.

நம் கல்லூரியிலே நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியார் ஒருவர், முன்னைய மலர்களுக்கெல்லாம் தாமே தட்டச்சுச் செய்து கட்டுரை தந்தவர். வேர்ட் 2003 என்னும் சொற்செயலியும் பாமினி என்னும் எழுத்துருவுமே அவர் கையாண்ட கருவிகள். அவருடைய பழைய கணினி பழுதாயிற்று. பிறநாட்டிலே வாழும் மகன் புதியதொன்று வாங்கித் தந்தார். கட்டுரை வேண்டி யான் சென்றபோது அப் புதிய கணினி துணியால் மூடிக் கிடந்தது. “தம்பி, எழுதுவதை விட்டுவிட்டேன். இந்தப் பெட்டியிலே என் கை தேடுகிற இடத்தில் ஒன்றும் இல்லை” என்றார். கல்லூரியின் பழைய விடுதி வாழ்க்கையை நேரிற் கண்டு நினைவில் வைத்திருப்போர் இன்று மிகச் சிலர். அவர் எழுதாவிடின் அச் செய்திகளை எழுத வேறொருவர் இல்லை. எனவே உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனை உடனழைத்துக்கொண்டு, மறுநாள் மாலை அக் கணினியின் முன் அமர்ந்தேன். அன்று செய்தவற்றையும் பின்னர்க் கற்றவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன். இதே இடர்ப்பாட்டில் இருக்கும் பழைய மாணவர் பலர் உளர் என்பதை அறிவேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நம் பாடநூல்கள் இதனைச் ‘சொல் முறைவழிப்படுத்தல் மென்பொருள்’ என்று வழங்குகின்றன. பொருள் செறிந்த தொடரே எனினும், ஒரு கட்டுரை முழுவதும் அதனைச் சுமந்து செல்ல வலியின்றிச் ‘சொற்செயலி’ என்றே கூறுவேன். மாணவர் தம் விடைத்தாளிலே பாடநூற் சொல்லையே எழுதுக.

பழகிய கை புதிய கருவியை மறுப்பது எம்மவர்க்கு மட்டும் உரிய குணமன்று. 1980களின் பிற்பகுதியிலே மேனாட்டு அலுவலகங்களிற் பெரிதும் வழங்கிய சொற்செயலி வேர்ட்பெர்ஃபெக்ட் ஆகும். அதன் டொஸ் பதிப்பிலே நீல நிறத் திரையில் வெண்ணிற எழுத்துத் தோன்றும்; மூன்றாவது செயல்விசை உதவியை அழைக்கும்; ஏழாவது விசை வெளியேற்றும். அதிலே பழகியவர்களைத் தன்பக்கம் இழுக்க விரும்பிய மைக்ரோசொஃப்ட் நிறுவனம், தன் வேர்டுக்குள்ளேயே வேர்ட்பெர்ஃபெக்ட் பயனருக்கான உதவியை வைத்தது. வேர்ட் 2003இன் அமைப்புகளுள் ‘நீலப் பின்னணி, வெள்ளெழுத்து’ என்றொரு தெரிவும் இருந்தது. பழைய வீட்டின் சுவர் நிறத்தையே புதிய வீட்டுக்கும் பூசிக் கொடுத்தமை போலும் இது. இன்னும் பழைய வேர்ட்ஸ்டாரை விடாதவர்களும் உளர். ஆங்கில நாவலாசிரியர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், தாம் இன்றும் வேர்ட்ஸ்டார் 4.0இலேயே எழுதுவதாக 2014இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலிற் கூறினார். பொருளும் புகழும் உள்ளவர் அவ்வாறு செய்யலாம். எம் பெரியாருக்கோ பழைய பெட்டியே இல்லாமற் போயிற்று. வேர்ட் 2003க்கு மைக்ரோசொஃப்ட் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2014 ஏப்பிரிலுடன் நின்றுவிட்டன.

முதலிற் கண்ணின் வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். வேர்ட் 2003இல் மேலே ஒரு வரிசையிற் சொற்கள் இருந்தன; ஒன்றை அழுத்தினாற் கீழே பட்டியல் விரியும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பு அவ் வரிசையை அகற்றி, ‘ரிபன்’ எனப்படும் நாடாவை வைத்தது. கட்டளைகள் அழியவில்லை, இடம் மாறின. 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக நாடாவை நாமே மாற்றியமைக்க இயலும். ‘ஃபைல்’ என்பதனுள் ‘ஒப்ஷன்ஸ்’, அதனுள் ‘கஸ்டமைஸ் ரிபன்’ என்னும் பகுதிக்குச் சென்று, புதிய தாவல் ஒன்றை உண்டாக்கி, அதற்குப் ‘பழையது’ என்று பெயரிட்டோம். அதனுள்ளே கோப்பு, திருத்தம், செருகல், வடிவமைப்பு, அட்டவணை எனப் பழைய வரிசைப்படியே குழுக்களை அமைத்து, பெரியார் கேட்கக் கேட்க ஒவ்வொரு கட்டளையாக எடுத்து வைத்தான் மாணவன். பின்னர் அத் தாவலை ‘ஹோம்’ என்பதற்கு முன்னே நகர்த்தினோம். ஒன்று கவனித்தேன்: நூற்றுக்கணக்கான கட்டளைகளுள் அவர் கேட்டவை இரண்டு டசினுக்கு மேற் போகவில்லை. சொற்செயலி ஒன்றிலே நாம் உண்மையாகப் பயன்படுத்துவது அவ்வளவே. இவ்வாறு அமைத்ததைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்தால், வேறொரு கணினியிலும் அதனை இறக்கிக்கொள்ளலாம். அடுத்த பெட்டி வாங்கும்போது மீண்டும் ஒரு மாலைப் பொழுது செலவாகாது.

சிறியனவும் சில இருந்தன. அவையே அவரைப் பெரிதும் வருத்தியவை. வேர்டைத் திறந்தவுடன் வெற்றுத் தாளுக்கு மாறாக வரவேற்புத் திரை தோன்றுவதைப் பொது அமைப்புகளில் ஒரு குறியை நீக்கி நிறுத்தலாம். கோப்பைத் திறக்கவும் சேமிக்கவும் குறுக்கு விசையை அழுத்தினால் முழுத் திரையும் மாறிவிடுவதைச் ‘சேவ்’ பகுதியில் உள்ள ஒரு தெரிவினால் தவிர்க்கலாம். பன்னிரண்டாவது செயல்விசை எப்பதிப்பிலும் பழைய சேமிப்புப் பெட்டியையே காட்டும் என்பதை அறிந்தபோது அவர் முகம் மலர்ந்தது. கொன்ட்ரோல் விசையுடன் ‘எஃப்’ அழுத்தினால் இக்காலத்தில் இடப்பக்கத்தே ஒரு பலகம் வருகின்றது. பழைய தேடற் பெட்டியே வேண்டுவோர், ‘கஸ்டமைஸ் ரிபன்’ பக்கத்தின் அடியிலே உள்ள விசைப்பலகை அமைப்பினுள் அக் குறுக்கு விசையைப் பழைய கட்டளைக்கு உரியதாக்கலாம்.

அடுத்தது தாளின் தோற்றம். “நான் ஒரு பக்கத்தில் எழுதுவது இப்போது ஒன்றரைப் பக்கம் ஆகிறது, வரிக்கு வரி காற்று அடிக்கிறது” என்று அவர் குறைப்பட்டார். குறை நியாயமானதே. வேர்ட் 2003இலே இயல்பான எழுத்து ரைம்ஸ் நியூ ரோமன், அளவு 12, வரியிடைவெளி ஒற்றை, பந்திக்குப் பின் மேலதிக இடமில்லை. 2007இல் எழுத்து கலிப்ரி 11 ஆயிற்று, வரியிடைவெளி 1.15 ஆயிற்று, பந்திக்குப் பின் 10 புள்ளி இடமும் சேர்ந்தது. 2013இல் இவை 1.08, 8 புள்ளி எனச் சற்றுச் சுருங்கின. பந்தி அமைப்புப் பெட்டியிலே இடைவெளியை ஒற்றையாக்கி, பின்னிடத்தைச் சுழியமாக்கி, ‘செற் அஸ் டிஃபோல்ட்’ என்பதை அழுத்தி, எல்லா ஆவணங்களுக்கும் எனத் தெரிவுசெய்தாற் போதும். இனித் திறக்கும் புதுத் தாள் அனைத்தும் பழைய தாளாகவே இருக்கும். எழுத்துருவுக்கும் அவ்வாறே செய்க. ஆயின் தமிழுக்கு ஒரு நுட்பம் உண்டு. எழுத்துருப் பெட்டியிலே இலத்தீன் எழுத்துக்கு ஓரிடமும், சிக்கல் வரிவடிவம் என்னும் வகுப்புக்கு வேறோரிடமும் உள்ளன. யூனிக்கோட்டுத் தமிழ் இரண்டாவதைச் சேர்ந்தது. முதலாவதில் மட்டும் அளவை மாற்றிவிட்டு, தமிழ் எழுத்து மாறவில்லையே என்று கணினியை நொந்துகொள்வோரைப் பலமுறை கண்டிருக்கின்றேன்.

இத்துணை முயற்சியும் வேண்டாதோர்க்கு வேறொரு வழி உண்டு. லிபரே ஒஃபிஸ் என்னும் இலவசத் தொகுதியிலுள்ள றைட்டர், பழைய பட்டி வரிசையையும் கருவிச் சட்டங்களையும் இன்றும் இயல்பாகவே காட்டுகின்றது. நாடா வேண்டுவோர் அதனைத் தெரிந்துகொள்ளலாம். வேண்டாதோர்மீது அது திணிக்கப்படவில்லை. எனினும் எம் பெரியார் “வேர்டே இருக்கட்டும்” என்றுவிட்டார்.

இனி விரலுக்கு வருவோம். இதுவே கடினமான பகுதி.

பாமினியை அறியாத இளைய மாணவர்க்கு அதன் இயல்பைச் சொல்லவேண்டும். பாமினி என்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் புனைந்த ஓர் எழுத்துரு. ‘ஜே’ விசையை அழுத்தினாற் கணினி ‘ஜே’ என்னும் ஆங்கில எழுத்தையே பதிந்துகொள்ளும். திரையில் மட்டும் தகரத்தின் வடிவைக் காட்டும். அதே விசையின் பேரெழுத்துத் துகரமாகத் தோன்றும். எழுத்துரு இல்லாத கணினியிலே அக் கோப்பைத் திறந்தால் வேடம் கலைந்து ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே கிடக்கும். யூனிக்கோடோ தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்களைக் கொடுத்துள்ளது. இலங்கையிலும் 2008இல் வெளிவந்த 1326ஆம் இலக்கத் தர நியமம் இம் முறையையே தழுவியது. ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் இடம்பெற்றது.

கொம்பை முதலில் அடித்துப் பின் மெய்யை அடிப்பது பாமினியின் வழக்கம். ‘பெயர்’ என்பதில் முதலில் அடிப்பது ஒற்றைக் கொம்பு, பின்னரே பகரம். இது தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து வந்த முறை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே பிறந்து சிங்கப்பூரிலே வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கித் தந்ததை அறிவோம். அப் பொறியிலே தாள் நகர்ந்தபடியே எழுத்து விழும். ஆதலின் கண்ணுக்கு இடப்பக்கம் தோன்றுவது முதலில் விழுதல் இயல்பே. யூனிக்கோட்டிலே பகரமே முன்னும் எகரக் குறி பின்னுமாகப் பதியப்படுகின்றன. உயிர்மெய்யிலே மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் கூறுவது இலக்கணம் கற்றார் அறிந்ததே. பொறி கண்ணைப் பின்பற்றியது. யூனிக்கோட் காதைப் பின்பற்றுகின்றது. இலக்கண வகுப்பிலே கொம்பு ஏன் முன்னே நிற்கின்றது என்று வினவும் சிறுவனுக்கு விடை கூறத் திணறியிருக்கின்றேன். கணினிக்குள் அக் கொம்பு பின்னேதான் இருக்கின்றது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

நற்பேறாக, விரல் இவ் விவாதத்தில் ஈடுபட வேண்டுவதில்லை. என்எச்எம் றைட்டர், இ-கலப்பை முதலிய விசைப்பலகை மென்பொருள்களிலே பாமினி முறையைத் தெரிந்துகொண்டால், விரல் பழைய வரிசையிலேயே அடிக்கலாம். கொம்பு முன்னே வந்தாலும் மெய் வந்தவுடன் மென்பொருள் இரண்டையும் இடம் மாற்றி யூனிக்கோட்டாகப் பதிந்துவிடும். பெரியாருக்கு இதனை இட்டுக்கொடுத்தோம். முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டே அடித்தார். பிழையில்லை.

பிழை நேர்ந்தது அழிக்கும்போது. பாமினியிலே ‘கு’ ஒரே வடிவம். ஒருமுறை பின்னழிப்பு விசையை அழுத்தினால் முழுவதும் போய்விடும். யூனிக்கோட்டிலே ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியுமாகிய இரண்டு. ஒருமுறை அழுத்தினால் உகரம் மட்டும் நீங்கிக் ககரம் நிற்கும். ‘கொ’ என்பதை அழித்தாலோ, பாமினியிற் கால் மட்டும் போய்க் ‘கெ’ எஞ்சும். யூனிக்கோட்டிற் பெரும்பாலும் உயிர்க்குறி முழுவதும் போய்க் ‘க’ எஞ்சும். இதனைப் பழையபடி ஆக்க வழி கண்டிலோம். இரண்டு கிழமை முணுமுணுத்தபின் அவர் விரல் தானே கற்றுக்கொண்டது.

இவ்வளவும் செய்து தந்த பின்னர், “பாமினி எழுத்துருவையே போட்டுத் தந்திருக்கலாமே, தம்பி” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. புதிய வேர்டிலும் பாமினி எழுத்துருவை நிறுவலாம், வேலை செய்யும். பழைய ‘டொக்’ வடிவிலேயே சேமிக்கும்படியும் அமைக்கலாம். அவ்வாறாயின் பழைய வழக்கம் ஒன்றும் குறையாது நிலைக்கும். யான் ஏன் உடன்படவில்லை என்பதற்குக் காரணம், இம் மலரின் நீத்தார் நினைவுப் பட்டியலில் நேர்ந்த ஒரு செயல்.

அப் பட்டியலை இளைஞர் ஒருவர் புதிய வேர்டிலே, பாமினி எழுத்துருவில், அட்டவணைக் கட்டங்களுக்குள் தட்டச்சுச் செய்து தந்தார். உண்மைப் பெயர்களை மறைத்து, ஒத்த பெயர்களாற் கூறுகின்றேன். கணநாதன் என்பவர் காலமானவர். அச்சுப் படியிலே ‘குணநாதன்’ என்றிருந்தது. குணநாதனோ அதே ஆண்டு வகுப்பில் அவருடன் படித்தவர். இன்றும் நலமாக இருப்பவர். மலர் வெளியீட்டு விழாவுக்கு அழைக்கப்பட்டவர். அவ் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் தற்செயலாகப் படியைப் பார்த்திராவிடின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகரே எண்ணிக்கொள்க.

தட்டச்சுச் செய்தவர் தவறு செய்யவில்லை. சொற்செயலி செய்தது. வேர்டிலே ‘ஓட்டோ கரெக்ட்’ என்னும் தானியங்கித் திருத்தம் உண்டு. வாக்கியத்தின் முதலெழுத்தையும் அட்டவணைக் கட்டத்தின் முதலெழுத்தையும் அது ஆங்கிலப் பேரெழுத்தாக மாற்றும். பாமினியிலே ககரத்தின் விசை ‘எஃப்’. அதன் பேரெழுத்துக் குகரம். எனவே கணநாதன் குணநாதன் ஆனார். அகரத்தின் பேரெழுத்து ஆகாரம். ஆதலின் அனந்தன் ஆனந்தன் ஆவார். தமிழ் என்று தொடங்கும் வாக்கியம் ‘துமிழ்’ என்று தொடங்கும்; அது கண்ணிற் குத்தும், திருத்திவிடலாம். பிழையே மற்றொரு நல்ல பெயராய் அமையும்போதுதான் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. தொடக்கத்தில் இரண்டு பேரெழுத்துகள் வந்தால் இரண்டாவதைச் சிற்றெழுத்தாக்கும் விதியொன்றும் உண்டு. ‘முருகன்’ என்பதில் முகரமும் ருகரமும் பேரெழுத்து விசைகள். அவ்விதி அவனை ‘முரகன்’ ஆக்கிவிடக்கூடும். எம் பெரியார் தம் பழைய கணினியிலே இவற்றையெல்லாம் என்றோ அணைத்து வைத்திருந்தார். அணைத்ததையே மறந்தும் போனார். புதிய பெட்டியில் அவை மீண்டும் விழித்திருந்தன. பழைய சொற்செயலியின் வழக்கம் என்று நாம் எண்ணுவதிற் பாதி, அதன் உடைமையாளர் முன்னொருநாள் செய்து மறந்த அமைப்பே.

பாமினிக் கோப்பைத் திறந்து திருத்தும் தேவை இன்றும் உள்ளவர்கள், முதற் காரியமாக ‘ஒப்ஷன்ஸ்’ என்பதனுள் ‘புரூஃபிங்’ பகுதியிலே அத் தானியங்கித் திருத்தத்தின் பேரெழுத்து விதிகள் அனைத்தையும் நீக்கிவிடுக. புதிதாக எழுதுவோர் யூனிக்கோட்டில் எழுதுக. அங்கே பேரெழுத்தும் இல்லை, அவ் விபத்தும் இல்லை. பெயர்ப் பட்டியல் தொகுப்போர்க்கு இன்னொரு பயனும் உண்டு. பாமினிக் கோப்பை அகரவரிசைப்படுத்தச் சொன்னால், கணினி ஆங்கில வரிசையைப் பின்பற்றும். அகரத்தின் விசை ‘எம்’, ககரத்தின் விசை ‘எஃப்’ ஆதலின் கந்தையா முன்னும் அருணாசலம் பின்னும் நிற்பர். முன்னைய மலர்களிலே பெயர் வரிசையைக் கையாலேயே ஒழுங்குசெய்தவர்கள் பட்ட பாட்டை யான் அறிவேன். யூனிக்கோட்டிலே உயிர் முன்னும் உயிர்மெய் பின்னுமாக அது தானே அமையும். ஒரு பெயரைத் தேடினாற் கிடைக்கவும் செய்யும்.

பழைய பாமினிக் கோப்புகளை யூனிக்கோட்டுக்கு மாற்றும் மென்பொருள்கள் உள. இரண்டு எச்சரிக்கை. கட்டுரையின் இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென எண்ணிப் பொருளற்ற எழுத்துக் கோவையாக்கும். ஆதலின் அப் பகுதிகளை விட்டுப் பிரித்து மாற்றுக. மற்றது பெரிது: குணநாதன் என்று முன்னரே மாறிவிட்ட பெயர், மாற்றிய பின்னும் குணநாதனாகவே இருக்கும். எம் மென்பொருளாலும் அதனைக் கண்டறிய இயலாது. கையால் எழுதிய பழைய சேர்வு இடாப்பும், அம் மனிதரை அறிந்தவரின் கண்ணுமே அதற்கு வழி.

பெரியாரின் கட்டுரை இம் மலரின் வேறொரு பக்கத்திலே உள்ளது. யூனிக்கோட்டில் அவரே தட்டச்சுச் செய்தது. முன்னைய மலர்களின் கோப்புகள் சில இன்னும் பாமினியிலேயே எம்மிடம் உள்ளன, சிலவற்றைக் காணோம். பழைய இறுவட்டுகளிலோ நெகிழ்வட்டுகளிலோ அவற்றை வைத்திருக்கும் பழைய மாணவர்கள், எழுத்துருக் கோப்பையும் உடன் சேர்த்துக் கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு அனுப்பி உதவுமாறு வேண்டுகின்றேன். பெயர்ப் பட்டியல்களை மாற்றும் வேலை சனிக்கிழமை பிற்பகல்களில் நூலகத்திலே நடைபெறுகின்றது. தட்டச்சுத் தெரியாதவர்களும் வரலாம். தம் வகுப்புத் தோழரின் பெயர்களை வாசித்துப் பார்த்து, இவர் இவரே என்று சொல்லக்கூடியவர்களே எமக்கு இப்போது தேவை.